அட்டா தீவில் ஆறு பையன்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1966 செப்டம்பரில், தென் பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நுகுவாலோஃபாவில் ஆறு பையன்களைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. குற்றம், படகுத் திருட்டு. புகார் கொடுத்தவர் ஒரு மீனவர். படகு காணாமல் போய்ப் பதினைந்து மாதம் ஆகியும் அவருடைய கோபம் ஆறவில்லை. பிடிபட்டவர்களுக்கோ அவரவர் வீட்டில் இறுதிச் சடங்கு எப்போதோ முடிந்திருந்தது. செத்துப்போனதாக ஊர் அழுது முடித்த பிள்ளைகள் உயிரோடு வந்து இறங்கியதும் முதலில் பார்த்தது காவல் நிலையத்தை.

உலகெங்கும் பலமுறை சொல்லப்பட்ட கதை இது. பெரும்பாலும் ஒரே நோக்கத்தோடு சொல்லப்படுகிறது: பெரியவர்கள் இல்லாத இடத்தில் குழந்தைகள் மிருகங்களாகிவிடுவார்கள் என்று நாவல்கள் சொல்வது பொய், மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்று நிரூபிப்பதற்காக. 2020இல் டச்சு வரலாற்றாளர் ஒருவர் இதே வாதத்தோடு எழுதியபோது ஒரே வாரத்தில் கதை கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. எனக்கு அந்த வாதத்தில் ஒப்புதல் இல்லை. நிரூபிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நிகழ்வின் சுவையான பகுதி அதில் விடுபட்டுப் போகிறது. அந்தத் தீவில் பெரியவர்கள் இல்லை என்பதே முழு உண்மை கிடையாது. ஆள் இல்லையே தவிர, அவர்கள் நட்டதும் வளர்த்ததும் கற்பித்ததும் அங்கே ஏராளமாக இருந்தன.

புறப்பாடு

ஆறு பேரும் நுகுவாலோஃபாவிலிருந்த புனித அந்திரேயா ஆங்கிலிக்கன் பள்ளியின் விடுதி மாணவர்கள். மானோ என்று எல்லோரும் அழைத்த சியோனே ஃபிலிபே டோட்டாவ், சியோனே ஃபாடாவா, ஸ்டீவன் என்ற டெவிட்டா ஃபடாய் லாட்டு, கோலோ ஃபெகிட்டோவா, டேவிட் சியோலாவா, லூக் வெய்கோசோ. எல்லோரும் பதின்ம வயதினர். 1965 ஜூன் மாதம் பள்ளி சலித்துப்போய், ஓடிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஃபிஜிக்குப் போவது, முடிந்தால் நியூசிலாந்துக்கே போய்விடுவது. ஃபிஜி அங்கிருந்து சுமார் 800 கிலோமீட்டர். விடுதியில் படித்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் தரம் உடனே விளங்கும். சுவரேறிக் குதிக்கிற துணிச்சல் முழுதாக இருக்கும், குதித்த பிறகு என்ன என்ற கேள்வி மட்டும் யார் மனத்திலும் இருக்காது.

தங்களுக்குப் பிடிக்காத ஒரு மீனவரின் 24 அடிப் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டார்கள். உடன் ஏற்றியவை இரண்டு சாக்கு வாழைப்பழம், சில தேங்காய்கள், ஒரு சிறிய எரிவாயு அடுப்பு. வரைபடமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. முதல் இரவிலேயே நங்கூரம் பாய்ச்சிவிட்டு எல்லோரும் தூங்கிப்போனார்கள். புயல் எழுப்பியது. நங்கூரக் கயிறு அறுந்தது, பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. அதன் பிறகு எட்டு நாள் கடல் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். உள்ளே ஏறும் தண்ணீரை முறை போட்டு இறைத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் பிடித்த மழைநீர்தான் குடிநீர். காலையில் ஆளுக்கு ஒரு வாய், மாலையில் ஒரு வாய்.

இந்த எட்டு நாளைக் கவனிக்க வேண்டும். தீவில் பின்னால் உருவான ஒழுங்கின் முதல் வடிவம் படகிலேயே வந்துவிட்டது. இருப்பது கொஞ்சம், அதை எல்லோர் கண் முன்னாலும் சமமாக அளக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் முறையில் ஒருவன் ஏமாற்றினால் ஆறு பேரும் மூழ்குவார்கள். சட்டம் எழுத வேண்டிய தேவையே இல்லாத இடம் அது. பள்ளியில் கண்டிப்பைப் பிடிக்காமல் ஓடிவந்தவர்கள், அதைவிடக் கடுமையான கண்டிப்புக்குள் எட்டு நாளில் பழகிவிட்டார்கள்.

எட்டாம் நாள் தீவு தெரிந்தது. படகின் உடைந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு நீந்திக் கரையேறினார்கள். ஏறியவுடன் செய்த முதல் காரியம் ஜெபம் என்று மானோ பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தீவின் முன்கதை

அட்டா, நுகுவாலோஃபா இருக்கும் டோங்காடாப்பு தீவிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தெற்கு-தென்மேற்கில் நிற்கும் எரிமலைத் தீவு. பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயரமோ 355 மீட்டர். அகலமான மணற்கரையும் சாய்ந்த தென்னைகளும் கொண்ட சுற்றுலாத் தீவை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எதுவும் புரியாது. கடலிலிருந்து நேராக எழும் பாறைச் சுவர்தான் அட்டா. படகு ஒதுங்க நல்ல துறை கிடையாது.

ஆனால் நூறாண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஊர் இருந்தது. பெயர் கோலோமைலே. தீவின் உச்சியில், பழைய எரிமலை வாய்ப் பகுதியில் மக்கள் வாழ்ந்தார்கள். 1862-63இல் பெரு நாட்டின் தோட்டங்களுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் பிடிக்க, பாலினீசியத் தீவுகளை வளைத்து ஓர் ஆள்கடத்தல் அலை கிளம்பியது. 1863 ஜூனில் ‘கிரேசியன்’ என்ற கப்பல் அட்டாவுக்கு வந்தது. கேப்டன் தாமஸ் மெக்ராத். பண்டமாற்று செய்யலாம் வாருங்கள் என்று தீவு மக்களைக் கப்பலுக்குள் அழைத்துக் கீழ்த்தளத்தில் பூட்டிக்கொண்டு போய்விட்டது. போனவர்கள் சுமார் 144 பேர். ஊர் திரும்பியவர் இல்லை. செய்தி கேட்ட டோங்கா அரசர் முதலாம் ஜார்ஜ் டுபோ, மிஞ்சியிருந்த ஏறத்தாழ 200 பேரையும் பாதுகாப்பு கருதி எயுவா தீவுக்குக் குடிபெயர்த்தார். எயுவாவில் இன்றும் கோலோமைலே என்றொரு ஊர் உண்டு. பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். அட்டாவில் அதன் பிறகு யாரும் குடியேறவில்லை.

‘யாருமற்ற தீவு’ என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வரலாற்றை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். யாருமற்றுக் கிடந்த தீவு அது இல்லை. ஆளை அள்ளிக்கொண்டு போய் ஆளற்றதாக ஆக்கிய தீவு.

முதல் மூன்று மாதம்

மோசமான காலம். கரையோரப் பாறைகளில்தான் இருந்தார்கள். குடிநீர் இல்லை, நெருப்பு இல்லை. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் கடற்பறவைகளைப் பிடித்துப் பச்சையாகத் தின்றார்கள். முட்டையைக் குடித்தார்கள். தண்ணீர் கிடைக்காத நாட்களில் பறவையின் இரத்தத்தைக் குடித்தார்கள். தங்குவதற்கு ஒரு குகையைக் கையாலேயே தோண்டினார்கள். குழந்தைகளின் நற்குணம் பற்றிய வாதம் எதுவும் இந்த மாதங்களைப் பெரிதாகப் பேசுவதில்லை. பேசுவதற்கு இதில் அழகு இல்லை.

நெருப்பு உண்டாக்கியவன் ஸ்டீவன். இரண்டு கட்டைகளைத் தேய்த்து எடுத்தான். இது எல்லோருக்கும் தெரிந்த வித்தைபோல் எழுதப்படுகிறது. முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், உலர்ந்த கட்டை, சரியான மரம், சரியான அழுத்தம் எல்லாம் சேர்ந்தால்தான் புகை வரும். புகையைக் கனலாக்குவது அதற்கும் மேல். ஈரக்காற்று வீசும் கடல் தீவில் இன்னும் கடினம். கிடைத்ததை அவர்கள் விடவில்லை. ஒருமுறை பற்றிய அந்த நெருப்பு, கடைசிவரை, ஓராண்டுக்கும் மேலாக அணையாமல் இருந்தது.

அணையாமல் இருந்தது என்றால் என்ன பொருள்? மழையிலும் ஒருவன் விழித்திருக்க வேண்டும். தூக்கம் வந்தால் அடுத்தவனை எழுப்ப வேண்டும். விறகு முந்தின நாளே உலர்ந்திருக்க வேண்டும், அப்படியென்றால் நாளைக்கு வேண்டியதை இன்று யோசிக்க வேண்டும். இந்த நிகழ்வில் சமூகம் என்று சொல்லத்தக்கது எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டால், அந்த அடுப்பைத்தான் காட்டுவேன். படகில் இருந்தது உயிர்ப் பயம். ஆபத்து கண்ணெதிரே இருந்ததால் யாரும் ஏமாற்றவில்லை. நெருப்புக் காவலில் ஒருவன் கண்ணயர்ந்தால் அந்த நிமிடம் ஒன்றும் ஆகாது. விடிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும். கண்காணிக்க ஆள் இல்லாத நேரத்திலும் முறை தவறாமல் ஓராண்டுக்கு மேல் நடந்திருக்கிறது என்பதே இதில் பெரிய தகவல்.

கோலோமைலே

சுமார் மூன்று மாதம் கழித்து, தீவின் உச்சிக்கு ஏறினார்கள். ஏறுவதற்கே இரண்டு நாள் பிடித்தது. மேலே கைவிடப்பட்ட ஊரின் மிச்சங்கள் இருந்தன. காட்டில் திரியும் கோழிகள், வாழை, சேப்பங்கிழங்கு.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாழை தானாகக் கடல் கடந்து வராது. நாம் தின்னும் வகை வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால்தான் உண்டு. சேப்பங்கிழங்கும் அப்படியே, கிழங்கை வெட்டி ஊன்ற வேண்டும். கோழி பாலினீசியர்கள் தோணியில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டுபோன பிராணி. ஆக, 1965இல் அந்தப் பையன்கள் கண்ட ஒவ்வொரு வாழைக் குலைக்கும் பின்னால் ஒரு மனிதக் கை இருந்தது. யாரோ ஒருவர் கன்றைத் தோணியில் வைத்து, உப்புநீர் படாமல் காத்து, அந்தச் செங்குத்துப் பாறைமேல் தூக்கிக்கொண்டு ஏறி நட்டிருக்கிறார். அவருடைய பேரப் பிள்ளைகளைத்தான் ‘கிரேசியன்’ கொண்டுபோயிற்று. நட்டவர் போய், அறுக்க வேண்டியவரும் போய், பயிர் மட்டும் நூறாண்டு தானே கிளைத்துக் கிடந்தது.

உணவுப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் நாம் புகைப்படங்களில் பார்த்து வியக்கிற ‘குட்டிச் சமூகம்’ எழுந்தது. தோட்டம் போட்டார்கள். கோழிகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்து வளர்த்தார்கள். மரத்தண்டுகளைக் குடைந்து மழைநீரைத் தேக்கினார்கள். கையில் இருந்த ஆயுதம் ஒரு பழைய கத்தியின் அலகு. உடற்பயிற்சிக்கு எடை தூக்கும் சாதனங்கள், பூப்பந்து ஆட ஒரு களம் என்றுகூட அமைத்துக்கொண்டார்கள். கோலோ, ஒரு மரத்துண்டு, பாதித் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த படகிலிருந்து எடுத்த ஆறு கம்பிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கித்தார் செய்தான். காலையும் மாலையும் பாட்டும் ஜெபமும் நடந்தன.

வரிசையைப் பாருங்கள். முதலில் உணவும் நீரும் உறுதியாயின. பிறகு பட்டி, தோட்டம். அதற்கும் பிறகு பூப்பந்து. நல்லவர்களாக இருந்ததால் உயிர் பிழைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் வரிசையைத் திருப்பிப் போடுகிறார்கள்.

சண்டையும் அதன் தீர்ப்பும்

வேலை இரண்டிரண்டு பேராகப் பிரிக்கப்பட்டது: தோட்டம், சமையல், காவல். ஆறு பேருக்கு மூன்று சோடி, மூன்று வேலை, மாற்றி மாற்றி. கணக்கு இவ்வளவு அழகாக விழுந்தது தற்செயல்தான். ஏழு பேராக இருந்திருந்தால் ஒருவன் எப்போதும் தனியாள். நான்கு பேராக இருந்திருந்தால் யாராவது எப்போதும் ஓய்வில்லாதவன். சோடியாக வேலை செய்வதில் இன்னொரு வசதி, சோம்பேறியை உடனே தெரிந்துவிடும். அதே சமயம் அவன் ஐந்து பேருக்கு முன்னால் அவமானப்பட வேண்டியதில்லை. கூட நிற்பவன் ஒருவனே பார்க்கிறான்.

சண்டை வந்தது. வராமல் எப்படி? சண்டை போட்ட இருவரும் தீவின் எதிரெதிர் முனைகளுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. கோபம் ஆறும்வரை அங்கேயே இருக்க வேண்டும். சுமார் நான்கு மணி நேரம் கழித்து மற்றவர்கள் போய் இருவரையும் கூட்டிவந்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வைப்பார்கள்.

யார் சரி, யார் தவறு என்று விசாரணை நடந்ததாக எந்தக் குறிப்பிலும் இல்லை. இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளிகளில் சண்டை என்றால் முதல் கேள்வி, யார் ஆரம்பித்தது? அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நீதிபதி வேண்டும். ஆறு சமமானவர்களுக்குள் ஒருவன் நீதிபதியானால் மறுநாளே அவன் தலைவன், அதற்கு மறுநாள் இரண்டு கட்சி. அவர்கள் நீதியை விட்டுவிட்டு அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இருவர் ஆளுக்கொரு முனையில் இருக்கும்போது மீதி நான்கு பேர் சாட்சியாகவும் தூதர்களாகவும் இருந்தார்கள். யார் பக்கமும் சேர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஒருவன் தொடர்ந்து கொடுமை செய்கிறவனாக இருந்தால் இந்த முறை அவனுக்குத்தான் சாதகம். அப்படி ஒருவன் அந்த ஆறு பேரில் இல்லை.

உடைந்த கால்

ஒருநாள் ஸ்டீவன் பாறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டான். நெருப்பைக் கொடுத்தவன் அவன். மற்றவர்கள் கீழே இறங்கி அவனை மேலே தூக்கிவந்து, எலும்பை நேராக்கி, குச்சிகளைத் தப்பையாக வைத்து இலைகளால் கட்டினார்கள். கால் சேர்ந்தது. பின்னால் நுகுவாலோஃபாவில் மருத்துவர் பரிசோதித்தபோது எலும்பு சரியாகக் கூடியிருந்ததைக் கண்டு வியந்தார். ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களின் கைவேலை அது; பள்ளிப் பாடத்தில் வருவதில்லை.

இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. படுத்துக் கிடந்த ஸ்டீவனிடம் சியோனே, “கவலைப்படாதே, உன் வேலையை நாங்கள் செய்கிறோம், நீ டௌஃபாஆஹாவ் டுபோ ராஜா மாதிரி படுத்திரு” என்று கேலி செய்தானாம். அழகான வரி. ஆனால் பையன்கள் படகேறிய 1965 ஜூனில் டோங்காவை ஆண்டது சாலோட்டே ராணி. அவர் இறந்ததும் அவருடைய மகன் நான்காம் டௌஃபாஆஹாவ் டுபோ அரசரானதும் அந்த ஆண்டு டிசம்பரில். தீவில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. பழைய முதலாம் டுபோவை, அவருடைய இளவயதுப் பெயரால், சொல்லியிருக்கலாம். ஊரைக் காலி செய்தவர் அவர்தான் என்பதால் பொருத்தமாகக்கூட இருக்கும். அல்லது பிற்காலத்தில் கதை சொல்லும்போது வாயில் வந்த பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும், இந்த நிகழ்வின் உரையாடல்களை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது என்பதற்கு இது போதும்.

எச்சரிக்கை ஒன்று இன்னும் இருக்கிறது. மீட்கப்பட்ட சில வாரங்களிலேயே ஆஸ்திரேலியாவின் சேனல் 7 தொலைக்காட்சிக்காக ஒரு படக்குழு அந்தப் பையன்களை அட்டாவுக்குத் திரும்ப அழைத்துப்போய், நடந்ததை மறுபடி நடிக்க வைத்துப் படம் எடுத்தது. இன்று நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல அந்தப் பயணத்தில் எடுத்தவை. இலை உடுத்திக் கித்தார் வாசிக்கும் பையன் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன்.

தெப்பம்

ஒருமுறை தப்பிக்கவும் பார்த்தார்கள். மரங்களைச் சேர்த்துத் தெப்பம் கட்டிக் கடலில் இறங்கினார்கள். கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் அது உடைந்தது. திரும்பி நீந்தி வந்தார்கள். தாங்கள் சமோவா பக்கம் இருக்கிறோம் என்று எண்ணித் தெற்கே திருப்பியிருந்தார்கள். தெற்கே இருந்தது வெறும் பெருங்கடல். தெப்பம் உறுதியாக இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலை இருந்திருக்காது. கூட்டு முடிவு என்பதாலேயே அது நல்ல முடிவாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தக் கதையில் இல்லை. ஆறு பேரும் ஒத்துக்கொண்டு, ஆறு பேரும் உழைத்து, தவறான திசையில் போனார்கள்.

மீட்பு

1966 செப்டம்பர் 11. பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் ‘ஜஸ்ட் டேவிட்’ என்ற மீன்பிடிப் படகில் அந்தப் பக்கம் வந்தார். தேடியது சிங்கி இறால். தொலைநோக்கியில் பார்த்தபோது பாறைச் சரிவின் பச்சையில் எரிந்த திட்டுகள் தெரிந்தன. ஈரமான தீவில் தீ தானாகப் பற்றாதே என்று நெருங்கினார். நீண்ட முடியோடு, உடையின்றி ஒருவன் பாறையிலிருந்து கடலில் குதித்து நீந்திவந்தான். தன் பெயர் ஸ்டீவன், இங்கே ஆறு பேர் இருக்கிறோம், பதினைந்து மாதம் ஆகியிருக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். கணக்கு சரியாகவே இருந்தது. வார்னர் வானொலியில் நுகுவாலோஃபாவைக் கூப்பிட்டுப் பெயர்களைச் சொன்னார். மறுமுனையில் விசாரித்துவிட்டு வந்த பதில், அவர்கள் இறந்துவிட்டதாக முடிவு செய்து சடங்கும் நடத்தியாகிவிட்டது, இது அற்புதம் என்று.

பிறகு காவல் நிலையம். வார்னர் படகுக்காரருக்கு 150 பவுண்டு கொடுத்து வழக்கை முடித்தார். அந்தப் பணத்துக்கு வழி, சேனல் 7க்குக் கதையின் உரிமையை விற்றது. அவரிடம் நன்றி பாராட்டிய அரசர், டோங்காக் கடலில் சிங்கி இறால் பிடிக்க அவருக்கு அனுமதி கொடுத்தார். அதே அனுமதியை அவர் முன்பு கேட்டபோது கிடைத்திருக்கவில்லை. வார்னர் ‘அட்டா’ என்று பெயரிட்ட கப்பலில் அந்த ஆறு பேரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். அவரும் பணக்கார அப்பாவிடமிருந்து இளவயதில் கடலுக்கு ஓடிப்போனவர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். மானோவும் அவரும் வாழ்நாள் நண்பர்களாக இருந்தார்கள். வார்னர் 2021இல், 90 வயதில், நியூ சவுத் வேல்ஸில் படகு கவிழ்ந்து இறந்தார்.

கதை 2020இல் மறுபடி பரவியபோது டோங்கர்கள் பலர் எரிச்சலோடு ஒன்றைச் சொன்னார்கள்: ஏன் கதாநாயகன் மீட்க வந்த வார்னராக இருக்கிறார், ஏன் இதை ‘மனித இயல்பு’ என்கிறீர்கள், இது டோங்கா வளர்ப்பு. இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. உணவைப் பங்கிடுவது, குழுவாகப் பாடுவது, உறவு கெடாமல் பார்ப்பது, கடலில் இறங்கத் தயங்காதது, இவையெல்லாம் அந்தத் தீவுகளில் நடை பழகும் வயதிலேயே வருபவை. 1962இல் ‘டுவாய்காஎபாவ்’ என்ற பாய்க்கப்பலில் நியூசிலாந்துக்குப் போன 17 டோங்கர்கள் மினர்வா பவளப்பாறையில் மோதி, அங்கே கிடந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் கூட்டுக்குள் 102 நாள் தாக்குப்பிடித்தார்கள். அதன் கேப்டன் டெவிட்டா ஃபிஃபிட்டா, சிதைந்த மரங்களைக் கொண்டு சிறு படகு கட்டி ஃபிஜிவரை போய் உதவி கொண்டுவந்தார். சிலர் இறந்தார்கள். அவர்கள் பெரியவர்கள், அவர்களுக்கு ஒரு கேப்டன் இருந்தார். ஆனாலும் நாள் முறை, ஜெபம், பங்கீடு எல்லாம் ஒரே சாயல். அட்டாவுக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் டோங்கா முழுதும் பேசிய செய்தி அது.

வேறொரு கண்டத்திலிருந்தும் இதற்கு ஒத்த நிகழ்வு உண்டு. 2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் சிறு விமானம் விழுந்து, பெரியவர்கள் எல்லோரும் இறந்து, ஊயிட்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு உடன்பிறப்புகள் 40 நாள் காட்டில் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை முதலில் தின்றார்கள். பிறகு காட்டில் எந்தக் கனியைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது, பாட்டியிடம் கற்றது. அவளும் பெரியவர்கள் இல்லாத இடத்தில் இல்லை.

அட்டாவிலிருந்து பெரிய முடிவுகள் எடுப்பவர்கள் அங்கே என்னென்ன இல்லை என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுமிகள் இல்லை. தூக்கிச் சுமக்க வேண்டிய கைக்குழந்தை இல்லை. நடுவில் வந்து சேர்ந்த அந்நியன் இல்லை. ஆறு பேரும் ஒரே மொழி, ஒரே சபை, ஒரே விடுதி. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பசி இல்லை. யாரும் சாகவில்லை, ஆகவே செத்தவனின் பங்கு யாருக்கு, புதைப்பது யார், பழி யார் மேல் என்ற கேள்விகள் எழவே இல்லை. பதினைந்து மாதத்தில் முடிந்தது; பிள்ளைகளில் ஒருவன் மூப்பனாகி இன்னொருவனை ஆள வேண்டிய காலம் வரவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று மாறியிருந்தால் அந்த நான்கு மணி நேர ஏற்பாடு எத்தனை நாள் நின்றிருக்கும் என்பது திறந்த கேள்வி. நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் சேப்பங்கிழங்கு இருந்திருந்தால் கொஞ்ச நாளாவது நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.